அவள் எடைக்கு ஒரு மணல் மூட்டை

அந்த நாற்காலி வேண்டாம், சம்பந்தியம்மா. அதன் பின்கால் ஒன்று ஆடும். இந்த ஸ்டூலில் உட்காருங்கள், கெட்டியானது. டீயை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிளம்பி வந்திருக்கிறீர்கள் என்று உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

வாசலில் நிற்கிற வேனை அனுப்பிவிடலாம். அந்த டிரைவர் பாவம், வெயிலில் எதற்காகக் காய வேண்டும்? என் மகன் இன்றைக்கு உங்களோடு வரப்போவதில்லை. முகம் வாடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். கேட்டால் உங்களுக்கே மனசு லேசாகும்.

விபத்து நடந்த நாளிலிருந்து நீங்கள் ஒரே பேச்சைத்தான் பேசுகிறீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னீர்கள்: "தையல் மெஷின நான்தாங்க ஏத்தினேன். அவ வேணாம்னுதான் சொன்னா. போற ஊர்ல தைக்க வேணாமாடின்னு நான்தான் பிடிவாதமா பின்னாடி தூக்கி வெச்சேன். அந்த பாரம் தாங்காமதான் டயர் வெடிச்சிருக்கு. என் பொண்ண நானே சாக அனுப்பி வெச்சுட்டேங்க." இன்று வந்து செருப்பைக் கழற்றும்போதே மறுபடியும் ஆரம்பித்தீர்கள்: "மாப்பிள்ளைய என்கூட அனுப்பிடுங்க. எங்க வீட்டுப் பக்கத்துலயே பயிற்சி குடுக்குற ஆஸ்பத்திரி இருக்கு. விடாம செஞ்சா ஊன்றுகோல் பிடிச்சு நடப்பாருன்னு டாக்டர் உறுதியா சொல்றாரு. அவர் எழுந்து நின்னாத்தான் என் பாவம் கரையும்."

உங்களிடம் ஒரு பாவமும் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். தையல் மெஷின் பேரில் பழி போடாதீர்கள், அது வாயில்லாத இரும்பு.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். சக்கரமும் சஸ்பென்ஷனும். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும், எப்படித் திரும்ப வேண்டும், குழியில் விழுந்தால் உள்ளே இருப்பவரின் இடுப்புக்கு எவ்வளவு போய்ச் சேர வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை. என் மகன் சின்ன வயதில் இந்தப் பட்டறையில்தான் வளர்ந்தான். அவன் அம்மா போன பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவள் இருந்தவரை எங்கள் பேச்சை அவள்தான் பேசினாள். "அப்பா சாப்பிட்டாராம்," "பையனுக்குப் பரீட்சையாம்" என்று இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் போனதும் அவன் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டான். போன் வரும். "சாப்பிட்டியாப்பா?" "சாப்பிட்டேன், நீ?" "சாப்பிட்டேன்." அவ்வளவுதான். வைத்துவிடுவான்.

அப்படி இருந்தவன் ஒரு நாள் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினான். இரண்டு கதவு, நீளமான மூக்கு, பெயின்ட் எல்லாம் வெளுத்துப்போய். "அப்பா, இத தரைய ஒட்டி நிக்கிற மாதிரி நல்லா இறக்கி, நல்ல வீல் போட்டுத் தரணும். வேற யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்" என்றான். வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றானே, அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே நான் ரொம்ப நாள் வாழ்ந்தேன், சம்பந்தியம்மா.

சக்கரம் தேர்ந்தெடுக்கவே எங்களுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அவனுக்குப் பெரிய ரிம், அகலமான டயர், வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும். நான் ஒரு அளவு கீழே போகச் சொன்னேன்.

"இவ்வளவு பெரிய ரிம்ல டயர் சப்பட்டையா நிக்கும்டா. ஒரு சின்னக் குழில விட்டாலும் உன் முதுகுதான் வாங்கும்."

"முதுகு என்னோடதுப்பா. வண்டி அழகா நிக்கணும்."

"அழகா நிக்கிறதுக்கு வண்டி எதுக்கு? பொம்மை வாங்கி அலமாரில வெச்சுக்கோ."

அவன் சிரித்தான். அவன் அம்மாவுக்கு இருந்த அதே தெற்றுப்பல். எத்தனை வருஷம் கழித்துப் பார்த்தேன் தெரியுமா அதை? கடைசியில் நான் சொன்ன அளவுக்கே வந்தான். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குகிறவர்கள் உண்டு. அந்தக் கசாப்பு வேலை என் பட்டறையில் நடக்காது. வெறும் குட்டை ஸ்பிரிங் போடலாம், போட்டால் போட்டதுதான், மறந்துவிடலாம். இன்னொரு வகை இருக்கிறது, திருகு மரை போட்ட உடம்போடு வரும். அதில் ஒரு வளையத்தைத் திருகினால் வண்டி இறங்கும், ஏறும். அடிக்கடி கைவைத்துக் கவனிக்க வேண்டிய சாமான். நான் அதைத்தான் போடச் சொன்னேன். அன்றைக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியை இறக்கி உயரம் பிடிக்கும்போது காலி வண்டியில் அளக்க மாட்டேன். ஓட்டுகிறவரின் எடைக்கு மணல் மூட்டை கட்டி அவர் சீட்டில் வைத்துத்தான் அளப்பேன். ஆள் ஏறினால் வண்டி தாழும். காலியாக இருக்கும்போது சரியாக நிற்கிற சக்கரம், ஆள் ஏறியதும் மேலே போய் மட்கார்டில் உரசும். எத்தனை பேர் போவார்களோ அத்தனை மூட்டை வைக்க வேண்டும். மட்கார்டுக்குள் களிமண் உருண்டைகளை ஒட்டி, ஜாக்கியால் சக்கரத்தை மேலே தள்ளிப் பார்ப்பேன். உருண்டை எவ்வளவு நசுங்குகிறதோ அதுதான் மிச்சமிருக்கிற இடம். என் மகன் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு டார்ச் அடித்து, "இன்னும் இருக்குப்பா, இன்னும் இருக்கு" என்று சொல்லுவான். அந்த வேலை முடியவே கூடாது என்று இருந்தது எனக்கு.

முடிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வேலை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. வண்டி தரையோடு தரையாகப் படுத்து நின்றது. அவன் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனான். அதற்கப்புறம் வரவில்லை.

போன் பண்ணிக் கேட்டேன். "வண்டி எப்படிடா இருக்கு?" "சூப்பர்ப்பா. ஒரு குறையும் இல்ல." "ஏதாவது சத்தம் கித்தம்?" "ஒண்ணுமே இல்லப்பா. நீ செஞ்சதாச்சே." அவன் பாராட்டத்தான் பாராட்டினான். எனக்குத்தான் அது பாராட்டாகப் படவில்லை. ஒழுங்காகச் செய்த வண்டி பட்டறைக்குத் திரும்பி வராது. என் வாழ்நாள் முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டவன் நான்.

அப்புறம் ஒரு நாள் தானாகவே ஒரு வளையம் தளர்ந்து டக் டக்கென்று சத்தம் வந்திருக்கிறது. சனிக்கிழமை வந்தவன் ஞாயிறு சாயங்காலம் வரை இருந்தான். அவனுடைய பழைய அறையில் தூங்கினான். நான் சமைத்ததைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அடுத்த முறை ஒரு ரப்பரை மாற்றாமல் பழையதையே போட்டு அனுப்பினேன். அதற்கடுத்து ஒரு நட்டை முக்கால் வாசி இறுக்கினேன். ஆபத்தானது எதையும் தொட மாட்டேன், பிரேக் பக்கமே போக மாட்டேன். சத்தம் மட்டும்தான். ஒரு முனகல், ஒரு கீச்சு. அவன் வருவான், நான் கண்டுபிடிப்பது போலக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துச் சரி செய்வேன், வேறொன்றை வைத்து அனுப்புவேன். உங்களுக்கு இது கேவலமாகத் தோன்றலாம். பிள்ளை வீட்டுக்கு வர வேண்டும் என்று பலகாரம் செய்து வைக்கிற தகப்பன் இல்லையா? எனக்குப் பலகாரம் செய்ய வராது.

பிறகு உங்கள் மகளைக் கட்டிக்கொண்டான். மருமகள் இந்தப் பட்டறைக்குள் முதல் முறை வந்தபோது, எங்கே கிரீஸ் ஒட்டிவிடுமோ என்று ஒதுங்கி நிற்பாள் என்று நினைத்தேன். நேரே வந்து மணல் மூட்டையைப் பார்த்து, "இது என்ன மாமா, ஓட்டையா இருக்கு, மணல் கொட்டுது" என்றாள். விளக்கம் சொன்னேன். "அப்ப நான் ஏறினா எனக்கும் ஒரு மூட்டை வேணுமே" என்றாள். அடுத்த முறை வரும்போது கெட்டித் துணியில் அவளே ஒரு பை தைத்து எடுத்து வந்தாள், இரட்டைத் தையல், தூக்குவதற்கு இரண்டு பக்கமும் பிடி. மணலை அளந்து போட்டபோது தராசை அவள் கையால் மறைத்துக்கொண்டாள். "என் எடைய யாருக்கும் சொல்லக் கூடாது மாமா. முக்கியமா உங்க பையனுக்கு." உங்கள் காலடியில் இருக்கிறதே, அந்தப் பைதான். தையல் பிரியாமல் அப்படியே இருக்கிறது.

அவள் என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். தைக்கிறவள் அல்லவா, எங்கே தளர விட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும் போலிருக்கிறது. என் மகன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"இந்த சத்தமெல்லாம் நீங்க வெச்சு அனுப்புறதுதானே?"

நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அவர்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா சத்தம் வேணாம் மாமா. நாங்க சும்மாவே வர்றோம்" என்றாள்.

சொன்னபடி வந்தார்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில், கையில் பழத்தோடு. நானும் வண்டியை ஒழுங்காகவே விட்டேன். ஆனால் அது எனக்கு ஒட்டவில்லை, சம்பந்தியம்மா. அவன் ஹாலில் உட்கார்ந்து போனைப் பார்ப்பான். நான் ஜன்னலைப் பார்ப்பேன். நடுவில் உங்கள் மகள் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே பேச்சைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி வந்தார்கள். அதற்குச் சத்தமே தேவலை என்று இருந்தது எனக்கு.

அப்போதுதான் தூரத்து ஊரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னான். ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம். போவதற்கு முன்னால் வண்டிக்குப் புது வீல் வேண்டும் என்றான். பழைய ஆசை, பின்னால் அகலமானது, வெளியே துருத்தி நிற்பது. முதல் நாளில் நான் வேண்டாம் என்ற அதே அளவு.

"சரி, போட்டுடலாம்" என்றேன்.

"என்னப்பா, திட்டவே இல்ல?" என்றான்.

"வயசாயிடுச்சுடா."

அந்த அகலத்துக்கு டயர் உள்ளே போக வேண்டுமானால், பின் மட்கார்டின் உள்விளிம்பைச் சூடு காட்டி, உருளையால் மேலே மடித்துவிட வேண்டும். மடிக்காத விளிம்பு என்பது மெல்லிய தகடு. கீழே பார்த்து நிற்கும். வலது பக்கம் முழுக்க மடித்தேன். இடது பக்கம் பாதியில் நிறுத்தினேன்.

கை தவறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் நிறுத்தினேன். உயரம் பிடிக்கும்போது அவன் மூட்டையை மட்டும் சீட்டில் வைத்தேன். உங்கள் மகள் தைத்த மூட்டை அதோ அந்த மூலையில் இருந்தது. அதை நான் தூக்கவில்லை. அவன் தனியாகப் போனால் களிமண் உருண்டைகூட நசுங்காது. பக்கத்தில் அவள் உட்கார்ந்து, பின்னால் பெட்டிகளும் இருந்தால், முதல் வேகத்தடையிலேயே சர்ரென்று ஒரு சத்தம் வரும். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் திரும்பி வந்துவிடுவார்கள். "அடடா, விளிம்பு மடங்கலையே" என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஒரு வாரம் இருப்பார்கள். அந்த ஒரு வாரத்தில் அவன் மனசு மாறினாலும் மாறலாம் என்று ஒரு நப்பாசை. நான் கேட்டது அவ்வளவுதான்.

வழியனுப்ப நான் உங்கள் வீட்டுக்கு வரவில்லை, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். பட்டறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று பேருக்கு உலை வைத்திருந்தேன். தெருவில் எந்த வண்டி திரும்பினாலும் எழுந்து எழுந்து பார்த்தேன். அவர்கள் வரவில்லை, போன்தான் வந்தது.

சத்தம் வந்திருக்கிறது. நான் நினைத்த இடத்திலேயே, முதல் வேகத்தடையிலேயே வந்திருக்கிறது. என் கணக்கு தப்பவில்லை. நினைவு திரும்பிய பிறகு என் மகன் சொன்னான். "நான் நிறுத்தி இறங்கப் போனேம்ப்பா. அவதான் சிரிச்சா. 'ஒண்ணுமில்ல, உங்க அப்பா கூப்பிடறாரு. நீங்க ஓட்டுங்க, போய்ச் சேர்ந்ததும் நாமளே போன் பண்ணி இங்க வந்து இருங்கன்னு சொல்லிடலாம். அவருக்குன்னுதானே ஒரு ரூம் கூடுதலா பாத்திருக்கோம்' அப்படின்னா. சத்தம் வர்றப்பல்லாம் 'வர்றோம் மாமா, வர்றோம் மாமா'ன்னு கிண்டல் பண்ணிட்டே வந்தா. மேம்பால வளைவுல இடது டயர் போயிடுச்சு." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். "ஏம்ப்பா, சத்தம் வந்ததுக்கு நீ கூப்பிடறேன்னு ஏன் சொன்னா?"

"தெரியலையேப்பா" என்றேன்.

அவளுக்கு என் சத்தங்கள் எல்லாம் பழக்கம். ஆபத்தில்லாதவை என்று நம்பினாள். என்னை அப்படி நம்பியவர்கள் வேறு யாரும் இல்லை. என் நெஞ்சு அன்றைக்கே வெடித்திருக்க வேண்டும், வெடிக்கவில்லை. நான் உங்கள் மகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவன் நிறுத்தத்தான் நினைத்தான் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டயரை அறுத்த விளிம்பு என்னுடையது, ஓட்டச் சொன்னது அவள். நடுவில் உங்கள் தையல் மெஷினுக்கு இடமே இல்லை. இனிமேலாவது வயிறாரச் சாப்பிடுங்கள்.

ஏன் இதையெல்லாம் இப்போது சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். போலீஸ் நொறுங்கிப்போன வண்டியைப் பார்த்துவிட்டு டயர் கோளாறு என்று மூடிவிட்டது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் நீங்கள் அவனை அழைத்துப்போக வந்துவிட்டீர்களே. பாவம் கரைய வேண்டும் என்கிறீர்கள். உங்களிடம் இல்லாத பாவத்துக்காக என் பிள்ளையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? பாவம் என்னுடையது. அதனால் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவனும் நான்தான். நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

இங்கே அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலியை நான் தூக்கிப் போட்டுவிட்டேன். புதிதாக நானே சக்கரம் தேர்ந்தெடுத்தேன், அவனையும் உட்கார வைத்து, அவன் கைக்கு எட்டுகிற அளவு பார்த்து. அடியில் சின்ன ஸ்பிரிங்கூடப் போட்டிருக்கிறேன், வாசற்படி இறங்கினால் முதுகுக்கு ஒன்றும் தெரியாது. முன்னைப்போல வாய்ச்சண்டைகூட நடந்தது. "ரொம்ப அகலம்ப்பா, கதவுல இடிக்கும்" என்றான். எத்தனை நாள் கழித்து அவன் என்னிடம் பேசியது தெரியுமா? இப்போது தினமும் பேசுகிறான். அவன் அம்மா இருந்தபோதுகூட இவ்வளவு பேசியதில்லை.

நடக்கட்டும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெல்ல நடக்கட்டும். என்ன அவசரம்?

கேட்கிறதா, உள்ளே அந்தக் கீச்சுச் சத்தம்? எழுந்திருக்காதீர்கள், உட்காருங்கள். ஒன்றுமில்லை, வலது சக்கரம்தான். நேற்று சாயங்காலம் எண்ணெய் விடும்போது அந்த நட்டை அரைச் சுற்று தளர்த்தி வைத்தேன். அதோ, "அப்பா" என்று கூப்பிடுகிறான் பாருங்கள். என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?